மூடி வைத்த லேயர்

றக்வான பஸ் நிலையத்துக்கு எதிரே பளீல் நானாவின் ஸ்டூடியோ இருக்கிறது. கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு போனால் வலது கைப்பக்க மூலையில் ஒரு கம்பியூட்டர், அதற்கு முன்னால் கஜேந்திரன். இந்தச் சுற்று வட்டாரத்தில் யாருடைய பேராவது தங்கமாக மின்னினாலோ, நெருப்பாக எரிந்தாலோ, ஐஸ் கட்டியாக உறைந்து நின்றாலோ அது அவன் கைவேலைதான் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம்.

பொடியன்களுக்கு நெருப்பு வேண்டும். தன் பேர் திகுதிகுவென்று எரிய வேண்டும், பக்கத்தில் ஒரு சிங்கம் வாயைப் பிளக்க வேண்டும். பேருக்குச் சொந்தக்காரன், அம்மா ஒரு சத்தம் போட்டால் குடத்தைத் தூக்கிக்கொண்டு பீலிக்குத் தண்ணீர் பிடிக்க ஓடுகிற பிள்ளையாக இருப்பான். எழுத்து மட்டும் காட்டுத் தீ. பெரிய பிள்ளையான சடங்குக்கு ரோஸ் மினுமினுப்பு, மேலே பட்டாம்பூச்சி. கல்யாணத்துக்கு வெள்ளி. மரண அறிவித்தலுக்கு ஒரு ஜோடனையும் கிடையாது, கறுப்பில் வெள்ளை, அவ்வளவுதான். கோயிலுக்குத் தங்கம். தங்கம் என்றால் மஞ்சளை அள்ளிப் பூசிவிட்டால் ஆயிற்றா? மஞ்சளும் காவியும் கபிலமும் பட்டை பட்டையாக ஓட வேண்டும். எழுத்தின் ஓரத்தை உளியால் சீவிவிட்டது போல் ஒரு சரிவு விழ வேண்டும். அடியில் மெல்லிய நிழல், சுற்றிலும் சிவப்புக் கோடு, முனையில் ஒளிப் பொட்டு. இதையெல்லாம் கஜேந்திரன் யாரிடமும் படித்ததில்லை. கடையில் வேலை இல்லாத நேரத்தில் நோண்டி நோண்டித் தானாகவே பிடித்துக்கொண்டது.

நோண்டுவதற்கு அவனுக்கு நேரம் நிறைய இருந்தது. நாற்பதைத் தாண்டிய ஆள். தாய் தகப்பன் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். ஒரே தங்கை பதுளைப் பக்கம் கட்டிக்கொண்டு போனவள், போனவள்தான். அவனுக்குப் பெண் பேசிய இடங்களெல்லாம் ஏதோ ஒரு சாக்கில் நின்றுபோயின. பிறகு பேசுவதற்கும் ஆள் இல்லாமல் போயிற்று. அவன் இருந்தது ஒரு தேயிலைத் தோட்டத்தில், அதன் மேல் பிரிவை மேக்கணக்கு என்பார்கள். அங்கே வரிசையாகக் கட்டிய லயத்தின் கடைசிக் காம்பராவில் தனியாக இருந்தான். ரேடியோவைப் போட்டுவிட்டுத்தான் அடுப்பைப் பற்ற வைப்பான். ரேடியோவில் அறிவிப்பாளர் “சாப்பிட்டீர்களா நேயர்களே?” என்று கேட்டால், “இன்னும் இல்லைங்க” என்று பதில் சொல்லிவிடுவான். சொன்ன பிறகு வாசலை ஒரு முறை பார்த்துக்கொள்வான், யாராவது கேட்டுவிட்டார்களோ என்று. கேட்பதற்கு அங்கே யார் இருக்கிறார்கள்!

ஷாமிளா அதே தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவைப் பார்த்துக்கொள்கிறவள். கொழுந்துக்குப் போகிற தாய்மார் கைக்குழந்தைகளைக் கொண்டுவந்து அவளிடம் விட்டுவிட்டு மலை ஏறுவார்கள். கட்டின புருஷன் சுரேந்திரன் கொழும்பில் கடை வேலைக்கென்று போனான். போன இடத்தில் இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்டான். பிள்ளையும் இல்லை. இருந்தும் இல்லாத அந்தப் புருஷனைச் சாக்காக வைத்துத் தோட்டம் அவளை எட்டு வருஷமாகக் கண்காணித்து வந்தது. கங்காணி வேலையைச் சம்பளமில்லாமல் செய்ய நம் ஆட்களுக்குச் சொல்லியா கொடுக்க வேண்டும்?

மாதத்துக்கு ஒரு தடவை அவள் பிள்ளைகளின் நிறை அட்டைகளை போட்டோ கொப்பி எடுக்க ஸ்டூடியோவுக்கு வருவாள். தோட்டத்துப் பெண்கள் எல்லோரும் கஜேந்திரனை “அண்ணே” என்று கூப்பிடுவார்கள். அது பாசத்துக்கும் ஆகும், பாதுகாப்புக்கும் ஆகும். ஷாமிளா மட்டும் ஒரு நாளும் அண்ணே என்று சொன்னதில்லை. “இங்க பாருங்க” என்பாள். அந்த “இங்க பாருங்க”வை அவன் பஸ்ஸில் போகும்போதெல்லாம் எடுத்துப் பார்த்துக்கொள்வான்.

ஒரு நாள் கொப்பி மெஷின் மக்கர் பண்ணியது. பளீல் நானா மூடியைக் கழற்றி வைத்துக்கொண்டு சண்டை பிடித்துக்கொண்டிருந்தார். காத்திருந்த ஷாமிளா கஜேந்திரனின் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றாள். அவன் புதிதாகப் பிடித்த தங்க எழுத்தைச் சரி பார்த்துக்கொண்டிருந்தான். எதையாவது தட்டினால்தானே எழுத்து எப்படி மின்னுகிறது என்று தெரியும்?

“என்னாத்த அடிக்கிறதுன்னு தெரியலிங்க” என்றான்.

“எம் பேர அடிங்களேன்” என்றாள் அவள், விளையாட்டாக.

அடித்தான். ஷா-வின் வளைவிலும் ளா-வின் சுழியிலும் தங்கம் வழுக்கிக்கொண்டு ஓடியது. அவள் வாயில் கையை வைத்துக்கொண்டு சிரித்தாள். அந்தக் கம்பியூட்டருக்குப் பக்கத்தில் அதுவரை யாரும் அப்படிச் சிரித்ததில்லை. அழைப்பிதழ் அடிக்க வருகிறவர்கள் எழுத்துப் பெரிதா சின்னதா என்று சண்டை பிடிப்பார்கள், சிரிக்க மாட்டார்கள்.

“அழிச்சிருங்க. யாராச்சும் பாத்தாத் தொலைஞ்சேன்” என்றாள் உடனே.

“ஆங், அழிச்சாச்சு” என்றான் கஜேந்திரன்.

அழிக்கவில்லை. அந்த மென்பொருளில் ஒரு படம் என்பது ஒரே தாள் இல்லை. கண்ணாடித் தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியது போலப் பல லேயர்கள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் சின்னதாக ஒரு கண் வரைந்திருக்கும். கண்ணைத் திறந்தால் அந்த லேயர் தெரியும், மூடினால் மறையும். மறையும், அவ்வளவுதான், உள்ளே அப்படியே இருக்கும். கஜேந்திரன் கண்ணை மூடினான். அவள் நம்பிக்கொண்டு போனாள்.

அன்றிலிருந்து புதிதாக எந்த எழுத்தைப் பிடித்தாலும் முதலில் அந்தப் பேரில்தான் போட்டுப் பார்ப்பான். வெள்ளி ஷாமிளா, கண்ணாடி ஷாமிளா, மழைத்துளி ஷாமிளா. பார்த்துவிட்டுக் கண்ணை மூடிவிடுவான். பிறகு அதே அலங்காரத்தை எடுத்து வாடிக்கைக்காரர் பேருக்குப் போடுவான். கடைசியில் எல்லா லேயரையும் ஒன்றாக நசுக்கி ஒரே படமாக்கி இரத்தினபுரி பிரஸ்ஸுக்கு அனுப்புவதால் ஒரு பயமும் இல்லை. யாருக்கும் தெரியாமல் ஒரு பேரை இப்படி வைத்துக்கொண்டு ஒரு மனிதன் சந்தோஷமாக இருக்க முடியுமா என்றால், முடிந்தது. சந்தோஷம் என்று அவன் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தான்.

அந்த வருஷம் அம்மன் கோயில் திருவிழா பேனருக்குத் தோட்டத் தலைவர் முத்துவீரன் ஆர்டர் கொடுத்தார். நடுவில் அம்மன், கீழே தேர், ஓரத்தில் உபயகாரர் பேர்கள். பிரதேச சபை உறுப்பினர் ஒருவரைப் பிரதம விருந்தினராகக் கூப்பிட்டிருந்தார்கள். அவர் வருவேன் என்கிறார், அடுத்த நாள் பார்க்கலாம் என்கிறார். தலைவர் ஸ்டூடியோவுக்கும் தோட்டத்துக்கும் அலைந்ததில் செருப்பு தேய்ந்தது.

“அவரு வந்தா பேரு இருக்கணும், வராட்டி இருக்கக் கூடாது. ரெண்டு மாதிரியும் செஞ்சு வையி” என்றார் கடைசியில்.

அதனால் கஜேந்திரன் இந்தத் தடவை படத்தை நசுக்கவில்லை. விருந்தினரின் பேரைத் தனி லேயராக்கிக் கண்ணை மூடி, லேயரோடு முழுதாகவே பிரஸ்ஸுக்கு அனுப்பினான். கடைசி நாள் பின்னேரம் உறுப்பினர் வருவது உறுதி என்று தகவல் வந்தது. பிரஸ்ஸில் இருந்த சமிந்தவுக்குப் போன் போட்டு, மூடியிருக்கிற லேயரைத் திறந்துவிட்டு அடிக்கச் சொன்னான். சமிந்தவுக்குத் தமிழ் பேசவும் வராது, வாசிக்கவும் வராது. “ஹரி அய்யே” என்றான், சரி அண்ணே என்று.

திருவிழா அன்று காலையில் ஒரு கல்யாண ஆல்பத்தை முடித்துக் கொடுக்க வேண்டியிருந்ததால் கஜேந்திரன் கடைக்கு வந்திருந்தான். சமிந்தவின் அழைப்பு வந்தது. காலையில் நேராகத் தோட்டத்துக்கு அனுப்பிவிட்ட பேனர் கிடைத்ததா என்று சிங்களத்தில் விசாரித்தான். பிறகு தானாகவே சொன்னான்: மூடியிருந்தது ஒன்றில்லை, இரண்டு, ஒன்று சின்ன எழுத்து, ஒன்று அம்மனின் தலைக்கு மேல் பெரிய தங்க எழுத்து, அவ்வளவு அருமையான எழுத்தைத் திறக்கச் சொல்ல மறந்துவிட்டீர்கள் போல, நான் இரண்டையும் திறந்துவிட்டேன்.

“லஸ்ஸனய் நே, அய்யே?” என்றான். அழகாக இருக்கிறதுதானே என்று கேட்கிறான் மனுஷன்.

கோயில் பேனருக்கான தங்கத்தை முதலில் அந்தப் பேரில் போட்டுப் பார்த்து மூடி வைத்தது கஜேந்திரனுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. அம்மனின் தலைக்கு மேல் நீல வானத்தில், ஆறடி அகலத்தில், ஷாமிளா. இந்நேரம் அது தோட்டத்துப் பெரட்டுக்களத்தில், காலையில் ஆள் கூட்டிப் பேர் பதிகிற அந்த இடத்தில், எல்லோர் கண்ணுக்கும் நேராகத் தொங்கிக்கொண்டிருக்கும். தோட்டத்துக்குப் போன் போட்டுச் சொல்லலாம் என்றால் மேக்கணக்கில் சிக்னலும் கிடையாது.

“நானா, நான் போகணும்” என்றான்.

“ஏன்டா, மொகம் இப்பிடி வெளுத்துப் பெய்த்து ஈக்கி? ஆல்பத்த நான் பாத்துக்கிறேன், நீ போ” என்றார் பளீல் நானா.

பஸ் வளைந்து வளைந்து ஏறியது. புருஷன் விட்டுப்போன பெண் ஒருத்தியின் பேர் கோயில் பேனரில் தங்கத்தில் எழுதியிருந்தால் தோட்டம் சும்மா இருக்குமா? நாளைக்குப் பிள்ளைக் காம்பராவில் குழந்தையை விட வருகிற ஒவ்வொருத்தியும் அவளை ஒரு பார்வை பார்ப்பாள். அந்த வேலையையே பிடுங்கினாலும் பிடுங்குவார்கள். அவள் இனி ஸ்டூடியோப் பக்கமே வரமாட்டாள். மாதத்தில் ஒரு நாள் கேட்கிற “இங்க பாருங்க”வும் போயிற்று. அது போகட்டும், அவளாவது தப்ப வேண்டும். என்ன சொல்வதென்று பஸ்ஸிலேயே யோசித்து, சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டான். மனதின் ஒரு மூலையில், அவள் தன் பேரைப் பார்த்திருப்பாளா, பார்த்தபோது முகம் எப்படி இருந்திருக்கும் என்றும் ஓடியது. அந்த நினைப்புக்காகத் தன்னையே திட்டிக்கொண்டான்.

பெரட்டுக்களத்தில் சனம் நிறைந்திருந்தது. தப்பு மேளம் அடித்துக்கொண்டிருந்தார்கள். கஜேந்திரன் நிமிர்ந்து பார்த்தான். வெயில் நேராக விழுந்து அந்த எழுத்து உண்மையான தங்கம் மாதிரியே ஜொலித்தது. அவன் செய்ததிலேயே அதுதான் நல்ல வேலை. இரண்டு கம்பத்துக்கு நடுவே, காற்றில் லேசாக அசைந்துகொண்டு, அம்மனுக்கு மேலே நின்றது.

தலைவர் அவனைக் கண்டதும் கையைத் தூக்கினார். தப்பு நின்றது.

“வாப்பா ஆர்ட்டிஸ்டு. ஒன்னையத்தான் பாத்துக்கிட்டு இருக்கோம். மேல இருக்கிறது யாரு பேரு?”

தூரத்தில் பானக்கம் வைத்திருந்த பெரிய அண்டாவுக்குப் பின்னால் ஷாமிளா நிற்பது ஓரக்கண்ணில் தெரிந்தது. மஞ்சள் சேலை. தலை நிறையப் பூ வைத்திருந்தாள். கஜேந்திரன் வேண்டுமென்றே அந்தப் பக்கம் திரும்பவில்லை. திரும்பினால் சனத்துக்குத் தெரிந்துவிடும் என்று பயந்தான்.

“அது யாரும் இல்லிங்க தலைவரே. கடையில எழுத்து எப்புடி வருதுன்னு பாக்கச் சும்மா ஒரு பேர அடிச்சுப் பாப்போம். பிரஸ்ஸுல சிங்களப் பொடியன் தெரியாமத் தொறந்துட்டான். எந் தப்புதான், மன்னிச்சுக்கங்க.”

தலைவர் மீசையைத் தடவினார். அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

“நல்லா ரோசன பண்ணிச் சொல்லு. யாரும் இல்லியா?”

ஆழம் பார்க்கிறார் என்று நினைத்தான் கஜேந்திரன். குரலைக் கொஞ்சம் உயர்த்தினான்.

“சத்தியமா யாரும் இல்லிங்க. இந்தத் தோட்டத்து ஆளே இல்ல. எங்கயோ ஒரு கஸ்டமரோட பேரு.”

கூட்டத்தில் யாரோ ஒரு பெண் களுக்கென்று சிரித்தாள். தலைவர் பெருமூச்சு விட்டு, “சரி, ஏறி மறைச்சிரு. சாமி பொறப்படுற நேரம்” என்றார்.

ஏணியைச் சாத்தினார்கள். கஜேந்திரன் வேப்பிலைக் கட்டுகளைத் தோளில் போட்டுக்கொண்டு ஏறி, கடைசி எழுத்திலிருந்து ஆரம்பித்து ஒவ்வொன்றாக மறைத்துக் கட்டினான். அவளைக் காப்பாற்றிவிட்டோம் என்று நெஞ்சு நிமிர்ந்தது. யாருக்கும் தெரியாமல் ஒரு தியாகம் செய்கிறோம் என்று கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. அந்த நேரத்தில் அவன் தன்னை எவ்வளவு பெரிய ஆளாக நினைத்துக்கொண்டான் என்பதையும் மறைக்காமல் சொல்லத்தான் வேண்டும்.

கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றது பக்கத்துக் காம்பரா மூக்காயி. கொழுந்து எடுக்கிறவள், வாயில் வெற்றிலை இல்லாமல் அவளைப் பார்க்க முடியாது. அவன் இறங்கியதும் வெற்றிலையைத் துப்பிவிட்டு அவன் சட்டையைப் பிடித்தாள்.

“ஏன்டா அப்புடிச் சொன்ன?”

“வேற என்னாத்தச் சொல்றது அக்கா? அந்தப் புள்ளையோட மானம் என்னா ஆகுறது?”

“மண்ணாங்கட்டி மானம். காலையில தலைவரு குதிகுதின்னு குதிச்சாரு, அம்மனுக்கு மேல எவ பேருடா இது, அவனக் கூட்டியாங்க, கட்டி வச்சு ஒதைப்போம்னு. அப்ப அந்தப் புள்ளதான் முன்னால வந்துச்சு. ‘அது எம் பேருதான். அவரு எனக்காகத்தான் போட்டுருக்காரு. எனக்கும் சம்மதம். அதுல என்னா தப்பு’ன்னு கேட்டுச்சு. அம்புட்டுச் சனத்துக்கு முன்னால! தலைவரே வாயடைச்சுப் போயிட்டாரு. சாமி காரியம் முடியட்டும், அவன் வந்ததும் ரெண்டு பேத்தையும் ஒக்கார வச்சுப் பேசி முடிப்போம்னு சொன்னாரு. அதுக்கப்பறந்தான் அது வீட்டுக்குப் போயி நல்ல சேல மாத்திக்கிட்டு வந்துச்சு.”

கஜேந்திரன் தான் கட்டிவிட்டு இறங்கிய வேப்பிலையை நிமிர்ந்து பார்த்தான். மூக்காயி விடவில்லை.

“நீ வந்து யாருமே இல்லன்னுட்ட. சத்தியம் வேற. இப்பக் கேளு அங்க, எவளெவ என்னா சொல்றாள்னு.”

கேட்டது. தண்ணீர்ப் பீப்பாய்க்குப் பக்கத்தில் நின்ற பெண்கள் குரலை அடக்கவும் இல்லை. “வேற எவளோ பேரப் பாத்துட்டு நம்ம பேருன்னு பூ வச்சுக்கிட்டு வந்துட்டா” என்றாள் ஒருத்தி. “பாவம்டி, ஆச” என்றாள் இன்னொருத்தி. அதற்கும் சிரித்தார்கள்.

ஷாமிளா அண்டாவை விட்டுப் போகவில்லை. பானக்கம் ஊற்றிக் கொடுப்பது பிள்ளைக் காம்பராப் பொறுப்பு, அதை அவள் செய்துகொண்டிருந்தாள். முன்னால் வரிசை நின்றது. கஜேந்திரனும் வரிசையில் நின்றான். வேறு எப்படி அவளிடம் போவது என்று அவனுக்குத் தெரியவில்லை. முன்னால் நின்றவர்கள் திரும்பித் திரும்பி அவனைப் பார்த்தார்கள்.

அவன் முறை வந்தது. அவள் நிமிராமல் டம்ளரை நிரப்பினாள்.

“எனக்குத் தெரியாதுங்க” என்றான் மெதுவாக. “நீங்க சொன்னது எனக்குத் தெரியாது.”

“நீங்க போடலியா அத?”

“போட்டேன். ஆனா மூடித்தான் வச்சிருந்தேன். பிரஸ்ஸுல தெரியாமத் தொறந்துட்டாங்க.”

அவள் கை ஒரு நொடி நின்றது.

“அப்ப நீங்களாச் சொல்லல” என்றாள். “நான், இத்தன நாளைக்கப்பறம் எல்லாருக்கும் முன்னால சொல்லிட்டாருன்னு நெனச்சிட்டேன்.”

பஸ்ஸில் வந்த நேரமெல்லாம் பொய்யைத்தான் பழகினானே தவிர இதைப் பழகவில்லை.

“ஒங்க பேருதாங்க அது. எப்பவும் ஒங்க பேருதான். ஒங்க மானம் போயிறக் கூடாதுன்னுதான் அப்புடிச் சொன்னேன்.”

“எம் மானத்தப் பத்தி எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டுருக்கலாம்.”

“இப்பப் போயித் தலைவர்கிட்டச் சொல்றேன். எல்லாருக்கும் முன்னால சொல்றேன்.”

ஷாமிளா அப்போதுதான் அவன் முகத்தைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால்கூட அவன் தாங்கியிருப்பான்.

“இனிமே சொன்னா, பாவம் பாத்துச் சொல்றதாத்தான் சனம் நெனைக்கும்” என்றாள். “நானும் அப்புடித்தான் நெனைப்பேன்.”

தப்பு மறுபடியும் ஆரம்பித்தது. தேரை இழுக்க ஆட்கள் வடத்தைப் பிடிக்க ஓடினார்கள். வரிசையில் பின்னால் நின்றவர் கஜேந்திரனின் தோளை இடித்தார்.

“குடிச்சிட்டு டம்ளரக் குடுங்க. பின்னால ஆளுங்க நிக்கிறாங்க” என்றாள் ஷாமிளா.

குடித்தான். டம்ளரை அவள் கையில் கொடுத்துவிட்டு வரிசையை விட்டு விலகினான். அவள் அதைத் தண்ணீரில் அலசி, அடுத்த ஆளுக்கு நிரப்பினாள்.